கத்தரிக்கோல் யாருடையது?

பல்கலைக்கழக மாணவர் சிலர் மாலை வேளையொன்றில் காரசாரமாக வாதிட்டுக்கொண்டிருந்ததை அண்மையில் நாம் அருகிருந்து கேட்க நேர்ந்தது. குரல்கள் உயர்ந்தன; மேசை தட்டப்பட்டது; ஒருவரையொருவர் ரசனை அற்றவர் என்று பழித்துக்கொண்டனர். வாதப் பொருள் யாதென்று உற்றுக் கேட்டோம். 2022ஆம் ஆண்டு வெளிவந்த ‘த பேட்மேன்’ என்னும் அமெரிக்கப் படத்திலிருந்து நீக்கப்பட்ட ஒரு காட்சி! அதனை வெட்டியது சரியா, பிழையா என்பதே பிரச்சினை. உடனிருந்த ஆசிரிய நண்பர் தலையில் அடித்துக்கொண்டார். “முகமூடி போட்டவனின் கதைக்கு இந்தப் பாடா?” என்றார்.

மாணவர்களோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. ஆனால் அதற்கு முன்னர் அந்த நண்பரோடு தீர்த்துக்கொள்ள வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. ஏனெனில் அவர் தனியர் அல்லர். முற்போக்காளர் என்று நம்மை நாமே அழைத்துக்கொள்ளும் பலர் உள்ளத்தில் அவர் குடியிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நம் முன்னோடிகள் எதனோடு போராடினார்கள்? மக்கள் பேசும் மொழி இழிசினர் மொழி என்றும், மக்கள் ரசிக்கும் கலை கூத்தாட்டு என்றும் ஒதுக்கிய பண்டிதக் குரலோடு அன்றோ? அதே குரல் இன்று நம் தொண்டையிலிருந்து எழுவது நமக்குக் கேட்கவில்லை. மூன்று மணித்தியாலத்துக்கு நான்கு நிமிடம் குறைவாக ஓடும் அந்தப் படம் உலகெங்கும் ஏறத்தாழ 77 கோடி டொலர் ஈட்டியது. அத்துணை பேர் இருளில் அமர்ந்து பார்த்த ஒன்றைப் பற்றி வாய் திறவாதிருப்பது தூய்மையாகாது. களத்தை விட்டு ஓடுவதாகும். கம்பராமாயணத்தில் மிகைப் பாடல்கள் எவை, கம்பன் கைப்பட்டவை எவை என்று பதிப்பாசிரியர் நாட்கணக்கில் வாதிட்டால் அதற்கு ஆராய்ச்சி என்று பெயர். ஒரு காட்சி கதையின் உடம்போடு ஒட்டுமா, ஒட்டாதா என்று இருபது வயது இளைஞர் நான்கு பேர் வாதிட்டால் மட்டும் அது பொழுதுபோக்கா? மாணவருக்கு விமரிசன உணர்வு இல்லையென்று மேடைதோறும் வருந்துகின்றோம். அந்த உணர்வு நம் கண்முன்னே மேசையைத் தட்டுகிறது. நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம்.

எனவே வாதத்துக்குள்ளேயே புகுவோம்.

காட்சி இது. கோத்தம் என்னும் கற்பனை நகரில் மேயரும் பொலிஸ் ஆணையாளரும் அரச வழக்கறிஞரும் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். கொலைஞன் ரிட்லர் என்னும் விடுகதைக்காரன். ஒவ்வொரு பிணத்தருகிலும் பேட்மேனுக்கு ஒரு விடுகதை விட்டுச் செல்பவன். அவனது மனத்தைப் புரிந்துகொள்வதற்காக, ஆர்க்கம் மனநோய் மருத்துவமனையில் அடைபட்டுள்ள இன்னொரு கொலைஞனிடம் கொலைக் கோப்புகளை எடுத்துச் செல்கிறான் பேட்மேன். அவனே ஜோக்கர். கண்ணாடித் தடுப்பின் அப்பால் முகம் மங்கலாகத் தெரிய, கோப்பைப் புரட்டிக்கொண்டு அவன் பேசுகிறான். கொலைகளின் காரணத்தைச் சொல்வதோடு நில்லாமல், இறந்தவர்கள் அந்தச் சாவுக்குத் தகுதியானவர்களே என்று நீயும் நினைக்கிறாய் அல்லவா என்ற பொருள்பட நாயகனையே குத்துகிறான். நாயகன் சினத்தோடு எழுந்து போகிறான். ஆறு நிமிடத்துக்கும் குறைந்த காட்சி. பாரி கியோகன் நடித்தது. இயக்குநர் மற் ரீவ்ஸ் கதைக்கு இது அவசியமில்லை என்று கருதி நீக்கினார். படத்தின் முடிவில் பக்கத்துச் சிறையறைக் குரலாக மாத்திரம் ஜோக்கர் எஞ்சினான்.

ரசிகர் இரு கட்சியாயினர். ஹீத் லெட்ஜர் 2008இலும், ஜாரெட் லெட்டோ 2016இலும், ஹோவக்கீன் ஃபீனிக்ஸ் 2019இலும் ஜோக்கராக வந்துவிட்ட பின்னர் நான்காவது ஜோக்கர் எதற்கு என்பது ஒரு கட்சி. நாயகனின் உள்ளத்தில் இருக்கும் கறையைக் காட்டும் ஒரே காட்சி இது. இதனை வெட்டியது படத்தின் இதயத்தை வெட்டியதாகும் என்பது மறு கட்சி. இரு கட்சியாரும் அதிகம் பேசியது முகத்தைப் பற்றி. ஒப்பனை பயங்கரமாக இருக்கிறதா, அருவருப்பாக இருக்கிறதா, மிகையா, போதாதா?

முகம் என்றே தொடங்குவோம். இந்த ஜோக்கர் பிறவியிலேயே சிரித்த வாயோடு பிறந்தவன். நோயின் காரணமாக அவனால் சிரிப்பை நிறுத்த முடியாது என்று இயக்குநரே விளக்கினார். 1928இல் வந்த ‘சிரிக்கும் மனிதன்’ என்ற மௌனப் படத்தில் கொன்ராட் வைட் என்னும் ஜேர்மன் நடிகர் தாங்கிய முகத்தையே அவர் நினைவில் கொண்டிருந்தார். ஆனால் அந்தப் பழைய படத்தில் சிதைந்த வாயை உடையவன் கொடியவன் அல்லன், இரங்கத்தக்கவன். நூறாண்டுப் பயணத்தில் அம்முகம் இரக்கத்தை இழந்து குற்றத்தின் அடையாளமாயிற்று. இதே படத்தில் பெங்குயின் என்னும் கள்ளக்கும்பல்காரனின் முகத்திலும் தழும்பு. முகத்தில் தழும்போ பிறவி மாறுபாடோ உடைய ஒரு குழந்தை இப்படங்களைப் பார்க்கும்போது தன்னை எந்தக் கட்சியில் காணும்? பிரித்தானியாவில் முக மாறுபாடுடையோருக்கான தொண்டு நிறுவனமொன்று இக்கேள்வியை எழுப்பியதன் பயனாக, 2018இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவனம், முகத்தழும்பைக் கொடியவனின் முத்திரையாகக் காட்டும் படங்களுக்குப் பணம் வழங்குவதில்லை என்று அறிவித்தது. நம் மாணவர் மேசையில் ஒப்பனைக் கலைஞரின் பெயர் கூட அடிபட்டது. இக்கேள்வி ஒரு தரமேனும் எழவில்லை.

அடுத்து, நாயகனின் உள்ளத்துக் கறை. இங்கே மறு கட்சியார் சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை அவர்களே முழுதாகப் பார்க்கவில்லை என்பதுதான் எமது குறை. இந்தப் படம் அவ்வகைப் படங்களுள் சற்று நேர்மையானது. நாயகன் புரூஸ் வேய்ன் பெரும் செல்வத்தின் வாரிசு. அவனது தகப்பன் நகரை உய்விப்பதற்கென நிறுவிய பெருநிதி, அவர் இறந்தபின், கள்ளக்கும்பலும் அரசியல்வாதியும் பொலிஸும் பங்குபோட்டுக்கொள்ளும் கொள்ளைப் பெட்டகமாயிற்று. அந்நிதியின் பேரால் வாக்களிக்கப்பட்ட அநாதை இல்லத்தில் பட்டினியோடும் குளிரோடும் வளர்ந்தவனே ரிட்லர். தாய் தகப்பனை இழந்த செல்வப் பிள்ளைக்காக நகரம் கண்ணீர் வடித்தது. தன் போன்ற அநாதைகளை எவர் நினைத்தார் என்பது அவன் வழக்கு. எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய வழக்கு! படம் இதற்கு என்ன விடை தருகிறது? வழக்காளியைக் கடல் மதிலைக் குண்டு வைத்துத் தகர்ப்பவனாக்கிவிடுகிறது. வெள்ளம் நகருக்குள் புகுகிறது. ஏழையும் செல்வனும் ஒன்றாக மிதக்கின்றனர். நாயகன் தீவட்டி ஏந்தி வழிகாட்டுகிறான். நிதி எங்கே போயிற்று என்ற கேள்வி வெள்ளத்தோடு போயிற்று. உண்மையைப் பேசும் வாயைக் கொலைஞனின் முகத்தில் பொருத்திவிட்டு, பின்னர் முகத்தை அடக்கும் சாக்கில் வாயையும் அடைப்பது இக்கலைக்குப் பழகிப்போன வழி.

நீக்கப்பட்ட காட்சியில் கேட்பவன் பைத்தியக்காரனாயினும், கேள்வி நாயகனை நோக்கியது. கொல்லப்பட்டவர்கள் யார், அவர்கள் செய்தது என்ன, உன் நெஞ்சு எந்தப் பக்கம் என்று செல்வனின் மகனை உட்கார வைத்துக் கேட்கும் இடம் அது. ஆதலால் அது முக்கியமான காட்சி என்பதை நாம் ஏற்கிறோம். ஆனால் வெட்டியது பிழையென்று சொல்ல மாட்டோம். அதே கருத்தைப் படம் முடிவில் வலிமையாகவே சொல்லிவிடுகிறது: ரிட்லரின் அடியாள் ஒருவன் பிடிபட்டபோது, பேட்மேன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட ‘பழி’ என்ற பெயரைத் தன் பெயராகச் சொல்கிறான். நாயகன் தன் சொல்லைப் பகைவன் வாயில் கேட்டுத் திடுக்கிடுகிறான். ஒரு முறை சொன்னால் போதும். எழுதியதில் பாதியைக் கிழித்தெறியத் தெரியாதவன் எழுத்தாளன் ஆகான் என்பதை இச்சஞ்சிகைக்கு வரும் சிறுகதைகளைப் படிக்கும் எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படைப்பவன் தன் கையால் வெட்டுவது வேறு. அதனை நாம் மதிப்போம். எமது சச்சரவெல்லாம், வெட்டப்பட்ட துண்டு பின்னர் எங்கே போயிற்று என்பதில் தொடங்குகிறது.

படம் திரைக்கு வந்தது 2022 மார்ச் 4ஆம் திகதி. வெட்டப்பட்ட காட்சி பொதுவில் விடப்பட்டது மார்ச் 24ஆம் திகதி. ரிட்லரின் பேரால் கம்பனி நடத்திய இணையத்தளமொன்றில் விடுகதைகளை அவிழ்த்தவர்களுக்கு அது பரிசாகக் கிடைத்தது. ஏப்ரல் 18இல் படம் அதே கம்பனியின் கட்டணச் சேவைக்கு வந்து சேர்ந்தது. நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே போதும். முதல் ஆரவாரம் தணியும் வேளையில் ஒரு துண்டு எறியப்படுகிறது. ஆயிரம் ஆயிரம் இளைஞர் அதனைச் சுற்றி வாதிடுகின்றனர். படத்தின் பெயர் அடுத்த விற்பனை வரையில் நாவில் நிற்கிறது. சுவரொட்டி ஒட்டுபவனுக்குக்கூடக் கூலி உண்டு. ரசிகன் கூலியின்றி ஒட்டுகிறான்; அதுவும் தன் சொந்தப் பசையில்.

இதற்கு ரசிகர் தரப்பில் ஒரு மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது. நாங்கள் வெறும் கைதட்டிகள் அல்லோம். கம்பனியை அடிபணியச் செய்தவர்கள் என்பர். 2017இல் வெளியான ‘ஜஸ்ரிஸ் லீக்’ படத்தின் வரலாற்றைச் சுட்டுவர். மகளைப் பறிகொடுத்த துயரில் இயக்குநர் சாக் ஸ்னைடர் விலக, வேறொருவர் கையால் முடிக்கப்பட்ட அப்படத்தை ரசிகர் ஏற்கவில்லை. ஸ்னைடரின் பிரதியை வெளியிடு என்று ஆண்டுக்கணக்கில் முழங்கினர். நியூயோர்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை எழுப்பினர். தற்கொலைத் தடுப்புப் பணிக்குப் பெருநிதி திரட்டிக் கொடுத்தனர். இறுதியில் 2021 மார்ச் 18ஆம் திகதி நான்கு மணித்தியாலப் படம் வெளிவந்தது.

அந்நிதி திரட்டலை நாம் வணங்குகிறோம். இளைஞர் ஒன்றுபட்டால் மலையையும் அசைக்கலாம் என்பதற்கு அது சான்று. ஆனால் அசைந்த மலை எந்தப் பக்கம் சாய்ந்தது? படம் வெளிவரும் என்ற அறிவிப்பு வந்தது 2020 மே 20ஆம் திகதி. கம்பனியின் புதிய கட்டணச் சேவை தொடங்கியது மே 27ஆம் திகதி. வாடிக்கையாளர் தேவைப்பட்ட வாரத்தில் கோரிக்கைக்குச் செவி திறந்தது.

அதே கம்பனியின் கத்தரிக்கோல் அடுத்த ஆண்டிலேயே வேறு விதமாகத் திறந்து மூடியது. ‘பேட்கேர்ள்’ என்ற படம். பெல்ஜியத்தைச் சேர்ந்த மொரோக்கோ வம்சாவளி இளைஞர் இருவர், ஆடில் எல் ஆர்பி, பிலால் ஃபல்லா, இயக்கியது. லெஸ்லி கிரேஸ் என்ற பாடகி நாயகி. ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரத் தெருக்களைக் கோத்தமாக்கிக் குளிர்கால மாதங்களில் படப்பிடிப்பு நடந்தது. 2022 வசந்தத்தில் முடிந்தது. செலவு ஏறத்தாழ 9 கோடி டொலர். இடையில், அவ்வாண்டு ஏப்ரலில், கம்பனி வேறொரு கம்பனியோடு இணைந்து வோர்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி ஆயிற்று. ஓகஸ்ட் 2ஆம் திகதி செய்தி வந்தது: படம் வெளிவராது. திரையிலும் இல்லை, கட்டணச் சேவையிலும் இல்லை, எங்கும் எக்காலத்தும் இல்லை. கொள்கை மாற்றம் என்றது கம்பனி. நட்டக் கணக்கில் எழுதி வரியைக் குறைப்பதற்காக என்று தொழில்துறைப் பத்திரிகைகள் எழுதின. வெளியிடும் படத்தை விட வெளியிடாத படம் ஏட்டில் இலாபம்! அவ்வாறு எழுதிவிட்டால் அப்படத்தைப் பின்னர் காசாக்கவும் முடியாது.

இயக்குநர் இருவரும் அப்போது மொரோக்கோவில் இருந்தனர். தாம் உருவாக்கியதைத் தொலைபேசியிலாவது பதிந்துகொள்ளலாமென்று படம் வைக்கப்பட்டிருந்த கணினிக் கிடங்கைத் திறக்க முயன்றதையும், அங்கே தமக்கு எதுவும் கிடைக்காமற் போனதையும் அவர்களே பின்னர் கூறினர். நினைத்துப் பாருங்கள். தச்சன் தான் செய்த கதவைத் தட்டுகிறான், திறக்கவில்லை. ஒரு காட்சிக்காக மேசை தட்டிய கைகளே, முழுப்படமாக வெட்டி எறியப்பட்ட இதற்காக நீங்கள் தட்டியது எத்தனை தரம்? ரசிகரிற் சிலர் குரல் எழுப்பினர் என்பதை மறைக்கவில்லை. ஆயினும் அங்கும் பெரும்பாலும் கேட்கப்பட்டது, படம் அவ்வளவு மோசமா என்பதே. மோசமாயினும் நன்றாயினும், நூற்றுக்கணக்கானோரின் உழைப்பைக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரிக்காக அழிக்கும் உரிமை ஒருவனுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர் சிலரே.

இந்தக் கத்தரிக்கோல் நேற்று வாங்கப்பட்டதன்று. 1938இல் சுப்பர்மேனின் உரிமை முழுவதையும் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு இளைஞரிடமிருந்து 130 டொலருக்கு வாங்கிய காலம் முதல் தீட்டப்பட்டு வருவது. அடுத்த ஆண்டே பேட்மேன் பிறந்தான். நாம் மாணவர்களுக்குச் சொல்ல விரும்பிய நீக்கப்பட்ட காட்சி இதுதான்.

பொப் கேன் என்ற ஓவியர் வௌவால் மனிதன் ஒருவனை வரைந்துகொண்டு பில் ஃபிங்கர் என்ற நண்பரிடம் வந்தார். சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சிறு முகமூடி, விறைத்த இறக்கை. ஃபிங்கர் மாற்றினார்: காது வைத்த முகமூடி, அசையும் மேலங்கி, சாம்பலும் கருமையுமான நிறம். புரூஸ் வேய்ன் என்ற பெயர் அவர் இட்டது. கோத்தம் என்ற பெயரும் அவர் இட்டது. 1939இல் வந்த முதற்கதை அவர் எழுதியது. 1948இல் ரிட்லரை உருவாக்கியதும் அவர், ஓவியர் டிக் ஸ்பிராங்கோடு. நம் மாணவர் சண்டையிட்ட அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். கண்ணாடியின் இப்பால் அமர்ந்திருப்பவன், மேசைமேற் கோப்பில் கிடப்பவன், வெளியே மழையில் நனையும் நகரம், எல்லாம் அவருடைய பேனா தொட்டவை. ஆனால் கேன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி ‘பேட்மேனை உருவாக்கியவர் பொப் கேன்’ என்று மாத்திரமே ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிடப்பட்டது. ஃபிங்கர் 1974இல் வறுமையிற் செத்தார்.

இதனை வெளிக்கொணர்ந்தவர் யார்? எந்தப் பேராசிரிய விமரிசகரும் அல்லர்; எந்த இடதுசாரிச் சஞ்சிகையும் அன்று. ஆசிரிய நண்பர் காதைத் தீட்டிக்கொள்ளட்டும்: ஒரு ரசிகர். ஜெரி பெய்ல்ஸ் என்பவர்; தொழிலால் விஞ்ஞான ஆசிரியர். 1965இல் ஃபிங்கரைக் கண்டு கேட்டறிந்து, ரசிகர்கள் தம்முள் பரிமாறிக்கொள்ளும் சிறு ஏடொன்றில் எழுதினார். கேன் சினந்து அதனை மறுத்துக் கடிதம் விடுத்தார்; முதுமையில், 1989இல் தாம் வெளியிட்ட சுயசரிதையில், ஃபிங்கருக்கு உரியது கிடைக்கவில்லை என்று வருந்தினார். பின்னர் மார்க் ரைலர் நோபிள்மன் என்ற எழுத்தாளர் ஆண்டுக்கணக்காகத் தேடி ஃபிங்கருக்குப் பேத்தி ஒருவர் உண்டென்று கண்டார். 2012இல் நூல் வந்தது. 2015 செப்ரெம்பரில் கம்பனி இறங்கிவந்தது. 76 ஆண்டுகள்!

இறங்கிவந்த விதத்தையும் பாருங்கள். இன்று திரையில் வரும் ஆங்கில வாசகத்தின் பொருள், ‘ஃபிங்கருடன் பொப் கேன் உருவாக்கியது’ என்பது. ‘கேனும் ஃபிங்கரும்’ என்ற எண்ணும்மையைச் சட்டத்தரணிகள் தரவில்லை. ‘உடன்’ என்ற ஒரு சொல்லால் அவரைப் பின்னால் நடக்கவிட்டனர். (நம் பழைய இலக்கணகாரர் கருத்துப்படி ‘ஒடு’ உருபு உயர்ந்தவரின் பெயரோடுதான் சேரும், சேவகன் அரசனோடு வந்தான் என்பதே மரபு. அந்தக் கணக்கில் கம்பனி தன்னை அறியாமல் ஃபிங்கருக்கே முடி சூட்டியிருக்கிறது. ஹொலிவூட் சட்டத்தரணிகள் தொல்காப்பியம் கற்றவர்கள் அல்லர்.)

அன்று மாலை அந்த மேசையில் நாமும் போய் அமர்ந்து இவ்வளவையும் சொன்னோம். மாணவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் அவர்களுள் ஒருத்தி, “அப்படியானால் சேர், ஜோக்கர் யாருடையவன்?” என்றாள். கேன் தம்முடையவன் என்றார். கொன்ராட் வைட்டின் படத்தைக் கொண்டுவந்து காட்டியவர் ஃபிங்கர். சீட்டுக்கட்டிலிருந்து அவனைக் கண்டெடுத்தவன் நானே என்றார் ஜெரி ரொபின்சன் என்ற உதவி ஓவியர். மூவரும் இறந்துவிட்டனர், வழக்குத் தீரவில்லை. மறுபடி குரல்கள் உயர்ந்தன. நம் ஆசிரிய நண்பர் கதிரையை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சீட்டுக்கட்டு வந்தது எந்த ஆண்டு என்று கேட்டார்.